எத்தனை கல்லூரிக்குப் போடுவது, எங்கெங்கே போடுவது? வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் இருந்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பொறியியலுக்கும் கலை அறிவியலுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம், கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொத்தம் எத்தனை விண்ணப்பம் போட்டால் போதும்?

அது விண்ணப்பத்தின் வகையைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் மூன்று வகை உண்டு. ஒரே விண்ணப்பம் போட்டுவிட்டு எத்தனை கல்லூரியை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம் என்பது ஒரு வகை. பொறியியல் கவுன்சிலிங் அப்படித்தான். ஒரே இணையதளத்தில் ஒரு கட்டணத்துக்கு ஐந்து கல்லூரி வரை என்பது இரண்டாவது, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கானது. மூன்றாவது, கல்லூரிக்குக் கல்லூரி தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதில் வரும்.

முதல் வகையில் தாராளமாக இருங்கள். கூடுதலாக எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் செலவு எதுவும் இல்லை. மூன்றாவது வகையில் கையை இறுக்கிப் பிடியுங்கள். கலை அறிவியல் படிக்கப் போகிறவருக்கு அரசுக் கல்லூரி ஐந்து, உதவி பெறும் கல்லூரி இரண்டு அல்லது மூன்று, மொத்தம் ஏழெட்டு போதும். பொறியியல் என்றால் கவுன்சிலிங் விண்ணப்பம் ஒன்று, விருப்பமும் வசதியும் இருந்தால் ஒரு நுழைவுத் தேர்வு, கூடவே அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ஒன்று. அந்தக் கடைசி விண்ணப்பத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொறியியல் சீட் கிடைத்த பிறகு கட்டணம் கட்ட முடியாமல் போகும் வீடுகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அப்போது கைகொடுப்பது அந்த 50 ரூபாய் விண்ணப்பம்தான்.

பட்டியலில் ஒரு பெயரை எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இந்த ஒரு சீட் மட்டும்தான் வருகிறது என்றால் போய்ச் சேருவோமா? மாட்டோம் என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அடித்தது போக மிஞ்சிய பட்டியலில், மதிப்பெண்ணாலும் கட்டாயம் கிடைக்கும், பணத்தாலும் கட்டாயம் படிக்க முடியும் என்று சொல்லத்தக்க கல்லூரி ஒன்றாவது இருக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

அதிகமாகப் போட்டால் என்ன நட்டம்? வாய்ப்பு கூடத்தானே செய்யும்?

தனி விண்ணப்பங்கள் பத்தைத் தாண்டினால் வாய்ப்பு கூடுவதைவிடக் குழப்பம்தான் கூடும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு, தனி தரவரிசைப் பட்டியல், தனி கலந்தாய்வு நாள். இரண்டு கல்லூரிகள் ஒரே காலையில் அழைத்தால் ஏதாவது ஒன்றை விட வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ் ஒரு செட்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அவசரத்தில் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து போடும்போது, அங்கே வேலை செய்பவர் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார். பிறகு ஓடிபி, கலந்தாய்வு அழைப்பு, ஒதுக்கீட்டுச் செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். சீட் வந்து கெடு முடிந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். விண்ணப்பம் எங்கே போட்டாலும் சரி, உங்கள் வீட்டில் எப்போதும் கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள். மாணவர் பெயரில் மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்ணுக்கு ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் தவறக் கூடாது.

ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் போதாதா?

அரசுக் கல்லூரிக்கும் பொறியியல் கவுன்சிலிங்குக்கும் போதும். இரண்டுமே வழக்கமாக மே மாதத்தில், ரிசல்ட்டை ஒட்டித் தொடங்குகின்றன. நுழைவுத் தேர்வு வழியாகப் போகும் கல்லூரிகளுக்குப் போதாது. என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்ட விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே முடிந்துவிடும். நீட் விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச் வாக்கில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கான க்யூட் தேர்வுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே பதிய வேண்டும். காட்பாடியில் இருக்கும் வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் தேர்வும் ஏப்ரல் வாக்கிலேயே நடந்துவிடும். வேலூர் சி.எம்.சி.யின் செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, அதையும் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் பார்க்க வேண்டும். ஆகவே ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே, எந்தெந்தக் கதவு சீக்கிரம் மூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் 178. எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கணக்கு. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100 அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178.

இந்த 178-ஐ வைத்துக்கொண்டு போன ஆண்டு 178-க்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று தேடுவதுதான் பலரும் செய்வது. அது சரியாக வராது. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும், கடினமாக இருந்த ஆண்டில் இறங்கும். 178 என்ற எண் ஒன்றாகவே இருந்தாலும் உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் தரவரிசை எண் வரும்வரை பட்டியலைப் பென்சிலால் எழுதுங்கள். ரேங்க் வந்ததும், முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் இனத்துக்குக் கடைசியாகச் சீட் கிடைத்த ரேங்க் என்ன என்று பாருங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கவுன்சிலிங் தளத்தில் இந்த விவரம் கிடைக்கும். மூன்று ஆண்டு விவரத்தையாவது பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டு இடத்தில் கணக்கு தவறும். ஒன்று, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர்கள் தங்கள் இனத்துக்கான நெடுவரிசையை மட்டும் பார்த்துவிட்டு விடுவது. பொதுப் பிரிவான 31 விழுக்காடு இடம் எல்லோருக்கும் திறந்தது, ஆகவே அதற்கான ஓ.சி. நெடுவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். மற்றொன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-இல் எடுத்துவிட்டது. ஒரு கல்லூரியில் இந்த ஆண்டு இடம் கூடியிருந்தால் கடைசி ரேங்க் போன ஆண்டைவிடத் தள்ளிப் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த ஆண்டு எத்தனை இடம் என்பதையும் பாருங்கள்.

பொது ரேங்க் 60,000 என்று வைத்துக்கொண்டால் எங்கள் வழக்கமான பிரிப்பு இது. போன ஆண்டு 42,000 முதல் 60,000 வரையிலான ரேங்க்கில் மூடியவை, அதாவது கடைசிச் சீட் போனவை, முயன்று பார்க்க வேண்டியவை. 60,000 முதல் 80,000 வரை மூடியவை கிடைக்கக்கூடியவை. அதற்கும் மேலே மூடியவை உறுதியானவை. இது சட்டமில்லை, கை அளவுதான். ஆனால் பட்டியலில் மூன்று பகுதியும் இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

பொறியியல் கவுன்சிலிங்கில் எத்தனை சாய்ஸ் கொடுக்கலாம்? எந்த வரிசையில்?

எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஒரு கல்லூரியும் ஒரு பிரிவும் சேர்ந்தது ஒரு சாய்ஸ். நடுத்தர ரேங்க் உள்ளவர் ஐம்பதுக்குக் குறையாமல் எழுதுவது நல்லது. ரேங்க் பின்னால் போகப் போக இன்னும் கூட்டுங்கள். பத்துப் பதினைந்து எழுதிவிட்டு எந்தச் சீட்டும் வராமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்களைப் பார்க்கிறோம். அடுத்த சுற்றில் அவர்கள் பார்ப்பது மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம்.

வரிசைக்கு ஒரே விதி: எது அதிகம் பிடிக்குமோ அது மேலே. எது கிடைக்கும் என்ற கணக்கை வரிசைக்குள் கொண்டுவராதீர்கள். கணினி முதலில் ரேங்க்கைப் பார்க்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து படிக்கும். இடம் இருக்கும் முதல் சாய்ஸை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். முதல் இருபதும் எட்டாத கல்லூரிகளாக இருந்தாலும் 21-ஆவது சாய்ஸில் உங்களுக்கு இருக்கும் உரிமை ஒரு துளியும் குறையாது. அதே சமயம், "கட்டாயம் கிடைக்கும்" என்று பக்கத்து ஊர்க் கல்லூரியை மூன்றாவதாக எழுதினால் அதுவே வந்துவிடும். நான்காவதாக எழுதிய நல்ல கல்லூரி கிடைத்திருக்கக்கூடும் என்பது பிறகு தெரிந்தும் பயனில்லை.

எழுதும் முறை: முதலில் தாளில் எழுதுங்கள். பெயரோடு கல்லூரியின் கவுன்சிலிங் எண்ணையும் எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஏராளம், எண் ஒன்றுதான் ஏமாற்றாது. வீட்டில் எல்லோரும் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு இணையதளத்தில் ஏற்றுங்கள். சாய்ஸ் நிரப்ப வழக்கமாக மூன்று நாள் கிடைக்கும். முதல் நாளே ஏற்றிவிட்டு, இரண்டாம் நாள் அச்சிட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, மூன்றாம் நாள் காலையில் லாக் செய்யுங்கள். கடைசி மணி நேரத்தில் சர்வர் திணறும்.

சுற்று தொடங்குவதற்கு முன் காலியிட விவரம் வெளிவரும். இரண்டாம், மூன்றாம் சுற்றுக்காரர்களுக்கு இதுதான் போன ஆண்டு விவரத்தைவிட முக்கியம். உங்கள் இனத்துக்கும் பொதுப் பிரிவுக்கும் பூஜ்யம் காட்டும் பிரிவை மேலே வைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை.

ஒதுக்கீடு வந்துவிட்டது. ஏற்று மேல்நோக்கி, மறுத்து மேல்நோக்கி என்று கேட்கிறதே, எதை அழுத்துவது?

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட் கையைவிட்டுப் போகும்.

கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுச் சேர்கிறேன் என்பதைக் கொடுங்கள். கிடைத்ததும் பரவாயில்லை, மேலே எழுதியது வந்தால் இன்னும் நல்லது என்றால் ஏற்று மேல்நோக்கி. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருந்தும். கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். இதற்குக் கெடுவுக்குள் உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே பணம் முன்பே தயாராக இருக்கட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: மேலே ஏதாவது கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. வரிசை நேர்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் முழுப் பொருள் இங்கேதான் தெரியும்.

மறுத்து மேல்நோக்கி என்பது கையில் எதுவும் இல்லாமல் காத்திருப்பது. கிடைத்த கல்லூரிக்கு எந்த நிலையிலும் போக மாட்டோம் என்றால் மட்டும் அதைத் தொடுங்கள். போக மாட்டோம் என்ற கல்லூரி பட்டியலுக்குள் வந்திருக்கவே கூடாது என்பதும் உண்மை. மறுத்து அடுத்த சுற்று என்பது இன்னும் ஆபத்தானது.

நல்ல கல்லூரியில் பிடிக்காத பிரிவா, சாதாரணக் கல்லூரியில் பிடித்த பிரிவா?

எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். முதல் வரிசை அரசுக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத் துறைக் கல்லூரி, பழைய உதவி பெறும் கல்லூரி என்றால் கல்லூரிக்கு முன்னுரிமை கொடுங்கள். அங்கே சிவில், மெக்கானிக்கல் படித்தாலும் ஆய்வகமும் ஆசிரியரும் சக மாணவர்களும் பிள்ளையைத் தூக்கிவிடுவார்கள். அதற்குக் கீழே வந்தால், கல்லூரிக்கும் கல்லூரிக்கும் பெயர்ப் பலகையில் இருக்கும் வித்தியாசம் உள்ளே இருப்பதில்லை. அங்கே பிரிவையும் கட்டணத்தையும் தூரத்தையும் பாருங்கள்.

அரசுப் பொறியியல் கல்லூரி வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1990-இல் தொடங்கியது. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சென்னை, கோவைப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளை எல்லாம் எழுதிவிட்டு இந்த இரண்டையும் பட்டியலில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

தனியார் கல்லூரியை எடைபோட மூன்று விவரம் போதும். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காடு. உங்களுக்கு வேண்டிய பிரிவுக்கே தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா என்பது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரி வாசலில் சொல்வது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் பெரிய சம்பளம் வாங்கிய ஒருவரின் படம் இருக்கும். அதைப் பார்ப்பதைவிட, உங்கள் பிரிவில் போன ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் கல்லூரியை வரிசையில் கீழே இறக்குங்கள்.

அரசு கலைக் கல்லூரிக்கு ஐந்தை எப்படித் தேர்வது?

அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். இதற்குள் ஐந்து கல்லூரி, ஒவ்வொரு கல்லூரியிலும் பல பாடப்பிரிவு.

நம் பகுதியில் வேலூர் ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, குடியாத்தத்தில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜாபேட்டையில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி, செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி ஆகியவை பழைய கல்லூரிகள். இவை தவிரப் பின்னாளில் தொடங்கிய அரசுக் கல்லூரிகளும் உண்டு. ஐந்தையும் பழைய, பெயர் பெற்ற கல்லூரியாகவே நிரப்பாதீர்கள். மூன்று பழையது, இரண்டு புதியது என்று வையுங்கள். புதிய கல்லூரியில் போட்டி குறைவு, கட்டணம் அதேதான்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் தேர்வு எளிது. பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் போக நான்கு பாட மதிப்பெண், 400-க்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். நான்கு பாடத்தில் 270 வாங்கிய பிள்ளை தமிழில் 95 வாங்கியிருந்தால், பி.காம். வரிசையில் எங்கோ பின்னால் நின்றாலும் தமிழ்ப் பட்டியலில் முன்னால் நிற்கும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் எங்கும் நடப்பது. ஐந்து கல்லூரியிலும் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டை மட்டும் டிக் செய்கிறார்கள். அது ஐந்து கல்லூரிக்குப் போட்டதாகாது, ஒரே நெரிசலில் ஐந்து முறை நிற்பதாகும். பொருளியல், புள்ளியியல், புவியியல், வரலாறு, கணிதம் என்று பிள்ளைக்கு ஒத்துவரும் மூன்றாவது, நான்காவது பாடத்தையும் சேருங்கள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க நினைப்பவருக்கு வரலாறும் பொருளியலும் பி.காமுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். இன்ன மதிப்பெண்ணிலிருந்து இன்ன மதிப்பெண் வரை இந்த நாளில் வரவும் என்று அறிவிப்பார்கள். அன்று அசல் சான்றிதழோடு இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அலுவலகப் பலகையையும் கல்லூரியின் இணையதளத்தையும் நாள்தோறும் பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

உதவி பெறும் கல்லூரியில் சீட் என்று சொன்னார்கள், கட்டணம் மட்டும் தனியார் அளவுக்கு இருக்கிறதே?

ஒரே வளாகத்தில் இரண்டு வகை இடம் இருப்பதுதான் காரணம். வேலூர் ஊரீசு கல்லூரி, காட்பாடி காந்தி நகரில் ஆக்சிலியம், சாய்நாதபுரம் டி.கே.எம்., மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம், வாணியம்பாடி இஸ்லாமியா, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளில் அரசு சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்களைக் கொண்ட பாடப்பிரிவுகள் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் குறைவு. அதே கல்லூரி தன் செலவில் நடத்தும் சுயநிதிப் பிரிவுகளும் உண்டு. பி.காம். என்ற ஒரே பெயரில் இரண்டும் இருக்கலாம். பட்டம் ஒன்றுதான், கட்டணம் வேறு.

விண்ணப்பத்தில் உதவி பெறும் பிரிவுக்கு எய்டட் என்றும் சுயநிதிக்கு எஸ்.எஃப். என்றும், சில இடங்களில் ஷிஃப்ட் ஒன்று, இரண்டு என்றும் போட்டிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பமா, ஒன்றே போதுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, கல்லூரிப் பேருந்து, திரும்பத் தரும் வைப்புத்தொகை ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் கேட்கும் பணம் நன்கொடை என்ற பெயரில் வந்தாலும் சட்டப்படி தவறு. தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது.

பெண் பிள்ளையைத் தினமும் போய்வரும் தூரத்தில்தான் சேர்க்க நினைக்கிறோம். எவ்வளவு தூரம் சரி?

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். காட்பாடியில் இறங்கி பாகாயம் போகும் 1 அல்லது 2 பேருந்தைப் பிடித்து, பாலாற்றுப் பாலத்தையும் ஊர் நெரிசலையும் தாண்டி ஓட்டேரி போக இன்னும் நேரமாகும். அதே ரயிலில் வந்து காந்தி நகரில் இறங்குகிற பிள்ளைக்குப் பாலத்தைக் கடக்க வேண்டியதே இல்லை. குடியாத்தத்தில் ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, வீட்டிலிருந்து நிலையம் போகும் நேரத்தையும் கூட்டுங்கள். ஒரு வேலை நாளில், கல்லூரி நேரத்துக்கே, பிள்ளையோடு ஒருமுறை போய்வந்து பாருங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்று ஆண்டு தாங்குவது கடினம்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு குறையும். தூரம் ஒத்துவராவிட்டால், கல்லூரியை மாற்றுவதற்கு முன் கல்லூரி விடுதியும் அரசின் நல விடுதியும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்கக்கூடிய நல்ல படிப்பைத் தூரத்துக்காக மட்டும் விட்டுவிடுவது எங்களுக்கு வருத்தமான விஷயம்.

வி.ஐ.டி. பக்கத்திலேயே இருக்கிறது. அது ஒன்று போட்டால் போதுமா?

போதாது. அது நாடு முழுவதிலுமிருந்து எழுதும் தேர்வு, உள்ளூர் என்பதற்குச் சலுகை இல்லை. அங்கே ரேங்க்கைப் பொறுத்துக் கட்டணம் ஐந்து படியாக ஏறும். கவுன்சிலிங்கில் உட்காரும் முன்பே, எந்தப் படி வரை வீடு தாங்கும் என்று பெற்றோரும் பிள்ளையும் பேசி முடிவெடுங்கள். திரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்ணில் பட்ட பிறகு பேசினால் முடிவு பதற்றத்தில்தான் வரும்.

அரசுப் பள்ளியில் படித்தோம். எங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்க வேண்டுமா?

ஆம், கட்டாயம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பெறும் சீட்டுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. ஆகவே பணத்துக்காக நீங்கள் வெட்டிய பெயர்களை எல்லாம் திரும்பப் பட்டியலில் சேருங்கள். கடைசி ரேங்க் பார்க்கும்போதும் 7.5 ஒதுக்கீட்டுக்கான விவரத்தைத் தனியாகப் பாருங்கள், பொது விவரத்தைவிட அது வெகு தூரம் தள்ளி மூடும். உதவி பெறும் பள்ளி இதில் சேராது; பெயரில் அரசு இருக்கிறதா என்று பார்க்காமல் தலைமையாசிரியரிடம் உறுதி செய்யுங்கள்.

மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

டி.என்.பி.எஸ்.சி. குறிக்கோள் உள்ளவர்கள் இதை விண்ணப்பத்திலேயே கவனியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக் காலமும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டப்படிப்பு கேட்கும் பதவிகளுக்குப் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பிள்ளை ஆங்கில வழிப் பட்டம் எடுத்தால், குரூப் 2 போன்றவற்றில் அந்த முன்னுரிமை போய்விடும்.

எந்தச் சான்றிதழ்கள் முன்பே வேண்டும்?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றுக்கும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போடுங்கள். மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் குவிந்துவிடும். முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங் சீட்டுக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. மாணவர் பெயரும் முன்னெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். "எம். கவிதா" ஒன்றிலும் "கவிதா முனிசாமி" மற்றொன்றிலும் இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம், பிறகு வேறு இடத்தில் நல்ல சீட் வந்தது. பணம் திரும்ப வருமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி இப்படி. சேர்க்கையின் கடைசி நாள் என்று அறிவித்த தேதிக்குப் 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை, செயலாக்கக் கட்டணம் மட்டும் கழியும். அது 5000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, தேதி முடிந்து 15 நாள் வரை 80, அதன்பின் 30 நாள் வரை 50. அதற்குப் பிறகு கட்டணம் கிடையாது, வைப்புத்தொகை மட்டும் வரும். அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதி.

நடைமுறையில் சண்டை வராமலிருக்க, பணம் கட்டும் நாளிலேயே கடைசி நாள் எது என்று கேட்டு ரசீதின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள். விலகும்போது முதல்வருக்கு இரண்டு பிரதியில் கடிதம் எழுதி, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு புதிய கல்லூரிக்குப் போங்கள். டி.சி. இல்லாமல் அங்கே சேர்க்கை முழுமையாகாது.